யாக்கோபு நிருபத்தோடு ஐந்து நாள்: ஹட்டனிலிருந்து அப்புத்தளை வரை

முதல் நாள், புதன்

காலை 5.55 பொடி மெனிக்கே ரயில். ஜன்னலோரம் கிடைக்கவேண்டும் என்று நாலரைக்கே கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் போய் நின்றேன். கிடைத்தது. ரயில் றாகமவைத் தாண்டுவதற்குள் அன்றைய வசனத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன்.

இந்தத் துண்டுக் கடதாசிப் பழக்கம் எனக்கு அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் தங்கை. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்து, இன்னும் அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. சின்ன வயதில் நான் விடுமுறைக்குப் போனால், விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புமுன் என்னை எழுப்பி வேதத்தில் ஒரு வசனம் வாசிக்கச் சொல்வார். அதைத் துண்டில் எழுதவைத்து, வெற்றிலையோடு சேர்த்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வந்து, கைகால் கழுவி, அடுப்பண்டையில் உட்கார்ந்ததும் துண்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதச் சொல்வார்.

"என்னா தோணுச்சுன்னு எழுதாத புள்ள. என்னா செஞ்சேன்னு எழுது."

சில நாள் ஒன்றும் இருக்காது. அப்போது வெறுமையாகவே விட்டுவிடச் சொல்வார். நாற்பது வருடமாகிறது. கொட்டாஞ்சேனையில் வீடு, பள்ளிக்கூட வேலை, பிள்ளைகள் என்று ஆனபின்பும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. விட்டுப்போன மாதங்கள் உண்டு, திரும்பப் பிடித்துக்கொள்வேன்.

2025 ஆகஸ்ட் விடுமுறைக்கு அத்தையைப் பார்க்கப் போகலாம் என்று முடிவானதும், ஐந்து நாளுக்குப் புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபத்தை எடுத்துக்கொண்டேன். அதில் ஐந்தே அதிகாரம், 108 வசனம். நாளுக்கு ஓர் அதிகாரத்தை முழுதாக வாசித்து, ஒரு வசனத்தை எழுதிக்கொள்வது. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட இடத்தை இன்றைய வாக்கு என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படித் திறந்தால் நமக்குப் பிடித்த பக்கம்தான் பெரும்பாலும் திறக்கும். அடிக்கடி புரட்டிப் புரட்டி அந்த இடம் பழகியிருக்கும். வரிசையாக வாசித்தால் பிடிக்காததையும் வாசித்தே ஆகவேண்டும்.

மார்ட்டின் லூத்தர் 1522 இல் தம் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் இந்த நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். விசுவாசத்தினால் நீதிமானாகிறோம் என்று பவுல் எழுதியதற்கு எதிராக, கிரியையை, அதாவது நற்செயலை, தூக்கிப் பிடிக்கிறது என்பது அவருடைய கவலை. அவர் காலத்துச் சபை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அந்தக் கவலை புரிகிறது. எனக்குள்ள ஆபத்து வேறு. கேட்டுவிட்டுப் போவதுதான் என் பலவீனம். அதனால் எனக்கு யாக்கோபு வேண்டும்.

இன்றைய துண்டு: "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" (1:19).

கடுகண்ணாவ ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கோப்பியை இறக்குவதற்காகப் போட்ட பாதை இது. 1867 இல் கண்டிவரை வந்து, 1884 இல் ஹட்டனைத் தொட்டது. இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்காத பயணம் எனக்கு இருந்ததில்லை. இன்று பார்க்கவில்லை. எதிரே இருந்த சிங்கள அம்மா பேசத் தொடங்கியிருந்தார். மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் கம்பளைக்குத் திரும்புகிறார். மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், தலையில் முடி இல்லை. என் சிங்களம் கடைக்கும் கந்தோருக்கும் போதுமானது, துக்கத்துக்குப் போதாது. அதனால் கேட்க மட்டும்தான் முடிந்தது. கண்டியில் ரயில் திரும்பி மறுபடி பேராதெனிக்கு வந்து கம்பளை சேரும்வரை கேட்டேன். இறங்கும்போது தம் சோற்றுப் பார்சலில் பாதியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்துவிட்டுப் போனார்.

இன்றைய துண்டின் பின்பக்கம்: கேட்டேன்.

இரண்டாம் நாள், வியாழன்

நேற்று மாலை லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையை இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், போட்டு, அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அத்தை என்னை உட்காரவைத்தார். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்துகொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

இன்று விடிய வாசித்தது இரண்டாம் அதிகாரம். மினுக்குள்ள வஸ்திரம் உடுத்தவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, தரித்திரனை 'என் பாதபடியண்டையிலே உட்காரு' என்று சொல்வதைப் பற்றி அது தொடங்குகிறது. நேற்றைய கதிரை ஞாபகம் வந்தது. அப்புறம் பதினாறாம் வசனம்: "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லியும், சரீரத்திற்கு வேண்டியவைகளை அவர்களுக்குக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன?" கொழும்பில் இந்த வசனத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். 'குளிர்காய்ந்து' என்ற சொல் அங்கே கண்ணில் பட்டதே இல்லை. இங்கே காலை ஐந்து மணிக்குச் சீமெந்துத் தரையில் கால் வைத்ததும் பட்டது.

அத்தையின் மகன், என் மச்சானின் மனைவி கொழுந்தெடுக்கிறார். நானும் அவரோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டார், எனக்கும் தேய்த்துவிட்டார். செடிக்கு மேலே மட்டக்கம்பைக் குறுக்கே போட்டு, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இலையும் மொட்டும் மட்டும் எடுக்கவேண்டும். நான் ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். அவருடைய இரண்டு கையும் இரண்டு குருவி கொத்துகிறமாதிரி தனித்தனியாக ஓடின. உள்ளங்கை நிறைந்ததும் கை தோளுக்கு மேலாகப் போய்க் கூடையில் கொட்டிவிட்டு வந்தது. கண் அங்கே போகவே இல்லை. கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் கறை கறுப்பாக ஏறிக் கோடு கோடாக வெடித்திருந்தது. அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாதாம். கோயிலில் இராப்போஜன அப்பத்தைக் கையில் வாங்கும்போது முன்பெல்லாம் வெட்கமாக இருக்கும் என்றார்.

"இப்ப இல்லக்கா. அதுவும் ஒரு செடியில வெளஞ்சதுதானே."

பத்து மணிக்கு மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுத்தார்கள். தராசு 8.3 காட்டியது. புத்தகத்தில் எழுதியது 7. மத்தியானம் 7.2, எழுதியது 6. அந்தியில் 5.4, எழுதியது 4. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதாம். இன்று மழையே இல்லை. தராசு சொன்னது மொத்தம் 20.9 கிலோ, புத்தகம் சொன்னது 17. இந்தத் தோட்டத்தில் பேர் விழ 18 வேண்டும்.

பேர் என்றால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் புரியாது. நாள் முழுக்க வேலை செய்து, கேட்ட நிறையும் கொடுத்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். 2021 இல் ஆயிரம் ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆக வர்த்தமானியில் வந்தது. ஆனால் அது முழுப்பேருக்கு. இன்று மச்சானின் மனைவிக்கு விழுந்தது அரைப்பேர்.

எனக்குக் கொதித்தது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகளில் இருக்கிறதே என்று லயத்துக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைச்சுமையோடு ஏறுகிறவருக்குப் பேச மூச்சு இருக்காது என்று பிறகுதான் உறைத்தது.

இரவு அடுப்பண்டையில் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு தம் வசனத்தைச் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் சொந்த வசனம், ஏசாயா 43:1. "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." ஒரு விடுமுறையில் நான்தான் அதை வாசித்துக் காட்டினேனாம். அன்று அவருக்கு அரைப்பேர் விழுந்திருந்ததாம்.

"அரப்பேர் சொல்லிக் கூப்புட்டாருன்னு போட்டிருக்கா? முழுப்பேரு சொல்லித்தானே கூப்புட்டாரு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்."

வேத சாஸ்திரம் படித்தவர்கள் இந்த வசனத்துக்கு எழுதிய விளக்கங்களைப் படித்திருக்கிறேன். பாபிலோன் சிறையிருப்பு, மீட்பு, உடன்படிக்கை என்று எல்லாம் சரிதான். நாடுகடத்தப்பட்டு, பெயரும் ஊரும் இழந்த ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதை அப்படியே தன்மேல் போட்டுப் பார்க்க அத்தைக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது 1820 களில். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வம்சம் நாங்கள். அத்தை பிறந்தது 1949 இல். அதற்கு முந்தைய வருடம், 1948 இல், வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர் பிறக்கும்போதே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்தன. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அத்தையின் மூத்த அக்கா அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்; நீலகிரியில் செத்துப்போனார். அத்தையின் கைக்குக் குடியுரிமை வந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வந்த அடையாள அட்டையில் பெயரில் ஓர் எழுத்து பிழை. இன்றும் திருத்தவில்லை.

அந்த மக்கள் நடந்த பாதையை 200 வருட நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை திரும்ப நடந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றம் அதில் முன்னின்றது. எங்கள் சபையிலிருந்தும் சிலர் போனார்கள். நான் போகவில்லை, பரீட்சைத்தாள் திருத்தவேண்டியிருந்தது.

பேச்சு ஓய்ந்தபோது அத்தை கேட்டார்.

"ஒன் வீட்டுக்கு வேலைக்கு வருதே, தலவாக்கலப் புள்ள. அதுக்கு நாளைக்கு எம்புட்டு விழுது?"

"மாசச் சம்பளம் அத்தை" என்றேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

துண்டின் பின்பக்கம்: என் கம்பளிச் சுவெட்டரை மச்சானின் மனைவிக்குக் கொடுத்தேன். (எழுதும்போதே தெரிந்தது, அது எனக்குச் சுலபமானது.)

மூன்றாம் நாள், வெள்ளி

விடியமுன்பே மழை. "ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து தித்திப்பும் கசப்புமான தண்ணீர் சுரக்குமா?" (3:11). பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீர். நல்ல நாளில் கண்ணாடிபோல இருக்கும். இன்று மேலே மண் கரைந்து சிவப்பாக வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தெளியும்வரை காத்திருந்தார்கள்.

மழை விட்டதும் அத்தையும் நானும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் வார்லி ஆலயத்துக்குப் போனோம். 1878 இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கட்டியது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி, வாசலில் அவர்களுடைய கல்லறைகள். பெயர், பிறந்த ஊர், வயது எல்லாம் வெட்டியிருக்கிறது. அத்தை தம் அம்மாவைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. எந்தச் செடி என்று அவருக்குத் தெரியும்.

வழுக்கும் படிகளில் இறங்கும்போது அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." படிக்கு ஒரு தரம். கொழுந்தெடுக்கும் காலத்தில் மழைநாளில் சரிவில் இறங்கும்போது சொல்லிப் பழகியதாம். அது 121 ஆம் சங்கீதம். அதன் முதல் வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. மலையிலிருந்தே உதவி வருவதுபோலத் தொனிக்கும். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அது கேள்வி: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" எபிரேயத்திலும் கேள்விதான். அத்தையிடம் இதைச் சொன்னேன். சற்று நின்று, எதிரே இருந்த மலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேள்வியாத்தான் இருக்கணும். இந்த மலையில இருந்து எனக்கு வேலதான் வந்துச்சு. ஒத்தாச அவருகிட்ட இருந்துதான்."

இன்றைய துண்டின் பின்பக்கம் வெறுமை. முந்தாநாள் ரயிலில் கேட்ட காது எனக்கு இருக்கிறது. நேற்றிரவு அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்த வாயும் இருக்கிறது. மாதச் சம்பளம் என்றது உண்மைதான். அவர் கேட்டது அதுவல்ல.

நான்காம் நாள், சனி

ஹட்டனிலிருந்து மறுபடி பொடி மெனிக்கே. அப்புத்தளையில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு ஆராதனை முடித்துக்கொண்டு திரும்பலாம் என்பது திட்டம். "சாமிக்குச் சித்தமிருந்தா அடுத்த லீவுக்கும் வா" என்று அத்தை வழியனுப்பினார். அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார். இன்றைய அதிகாரத்தில் அதே வார்த்தை இருக்கிறது: "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோமென்று சொல்லவேண்டும்."

எழுதிக்கொண்டது அதற்கு முந்தைய வசனம். "உங்கள் ஜீவன் எப்படிப்பட்டது? கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகையைப்போலிருக்கிறதே." (4:14)

நானுஓயா தாண்டியதும் பனிமூட்டம் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. பட்டிப்பொல ஸ்டேஷனில் பெயர்ப்பலகையின் முதல் எழுத்து தெரிந்தது. பிறகு முழுப் பெயரும் தெரிந்தது. ரயில் கிளம்புமுன் பலகையே காணாமல்போனது. எதிரே இருந்த சின்னப் பையன் ஜன்னல் கண்ணாடியில் ஊதி, விரலால் படம் வரைந்தான். மீன். அது மறைய மறைய மறுபடி ஊதினான்.

அப்புத்தளையில் இறங்கி அடிசம் பங்களாவுக்குப் போனேன். தாமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931 இல் இங்கிலாந்தின் கோட்டை வீடுகளைப் பார்த்துக் கட்டியது; இப்போது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வாசலில் அவர்களே செய்த ஜாமும் பழப்பாகும் விற்கிறார்கள். செபமும் உழைப்பும் என்பது அந்தச் சபையின் பழைய வழக்கு. ஜாம் போத்தலைத் தாளில் சுற்றித் தந்த துறவியின் கையைப் பார்த்தேன். பழச்சாற்றுக் கறை நகத்தடியில் இருந்தது. மச்சானின் மனைவியின் விரல் ஞாபகம் வந்தது.

தோட்டத்துக் கல்லிருக்கையில் உட்கார்ந்து அதிகாரத்தை இன்னொரு தரம் வாசித்தேன். கடைசி வசனத்தில் நின்றுவிட்டேன். "ஆதலால், ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்."

சரி. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்கு மாதம் 30,000 ரூபாய், இருபத்தைந்து நாள். அத்தை கேட்ட கணக்கை இன்றுதான் போட்டேன்: நாளுக்கு 1,200. தோட்டத்து 1,350 போதாது, அநியாயம் என்று மடுவத்திலிருந்து லயம்வரை பேசிக்கொண்டு வந்த நான் கொடுப்பது அதைவிடக் குறைவு. ஏப்ரலில் அவருடைய அம்மா இறந்தபோது ஆறு நாள் தலவாக்கலைக்குப் போனார். மாதக் கடைசியில் 7,200 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்துக்கொண்டார். கணக்கு என்றால் கணக்குத்தானே என்று அன்று என் மனதுக்கு நானே சொன்னேன். மடுவத்தில் பேனா பிடித்திருந்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நாளைக்கு ஐந்தாம் அதிகாரம். அதில் என்ன வருகிறது என்று தெரியும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

"இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தருடைய செவிகளில் பட்டது." (5:4)

கூக்குரலிடுவது முதலில் ஆட்கள் அல்ல, கூலியே கூக்குரலிடுகிறது. அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதுபோல. என் பணப்பையில் ஏப்ரலிலிருந்து ஒரு 7,200 ரூபாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆராதனை எட்டரைக்கு. எட்டுக்கே ஆலயத்துக்கு வந்துவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது இருக்கிறதே. வெளியே சைப்ரஸ் மரத்தடியில், ஈரம் காயாத படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து போன் எடுத்தேன்.

"டீச்சர்? ஏதும் அவசரமா? நாளைக்குத்தானே வரச் சொன்னீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஏப்ரலில் நான் கழித்தது பிழை, அந்த 7,200 ஐ இப்போதே அனுப்புகிறேன், அடுத்த மாதத்திலிருந்து நாளுக்கு 1,500 ஆகப் போடுகிறேன், என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். நேற்றிரவே வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம். மன்னிப்பு என்ற சொல்லைத் தமிழில் நேருக்கு நேர் ஒருவரிடம் சொல்லி எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை. கோயிலில் வாரந்தோறும் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கருமாதிக்குக் காசு பத்தல டீச்சர். காதுல கெடந்தத அடகு வச்சேன். இன்னும் மீக்கல."

எவ்வளவு என்றேன். வட்டியோடு பதினோராயிரம். அதை முழுதாக நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஆறு நாள் காசு மட்டும் போதும் என்றார். நான் மறுபடி சொன்னேன். அவர் மறுபடி வேண்டாம் என்றார். பிறகு, குரல் கொஞ்சம் மாறி, "காசு கெடக்கட்டும். அம்மா செத்துத் திரும்பி வந்தன்னைக்கு ஒரு வார்த்த கேக்கலையே டீச்சர். அதுதான் மனசுல கெடந்துச்சு" என்றார்.

உள்ளே மணி அடித்தார்கள். முதல் பாட்டு தொடங்கியது.

"இப்போது கேட்கிறேன், சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னார். அம்மாவும் கொழுந்துக்காரிதான். கடைசி இரண்டு வருடம் கண் தெரியவில்லை. பழக்கத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து, மடியில் ஒன்றுமில்லாமலே இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டிருப்பாராம். சாகிற அன்று காலையிலும் கை ஓடிக்கொண்டிருந்ததாம். அதைப் பிடித்து நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லையாம். நான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே பாவ அறிக்கை வாசித்தார்கள், சங்கீதம் வாசித்தார்கள், பிரசங்கம் தொடங்கியது. கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி, கல்லறைகளை மூடி, மறுபடி விட்டது.

அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கி நான்கு வருடம். அம்மாவின் பெயர் என்ன என்று இன்றுதான் கேட்டேன்.

தோட்டை மீட்க நாளைக்கு இரண்டு பேருமாகப் போவதாகப் பேசியிருக்கிறோம். காசை யார் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. துண்டின் பின்பக்கம் அந்த அம்மாவின் முழுப்பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.